உடல்நலம் தேறி வகுப்பறைக்குத் திரும்பும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாரடைப்பு ஏற்பட்டு, இதய ரத்தக்குழாயில் இரண்டு ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டு, 11 வாரங்கள் கழித்து நான் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தேன். அதன்பின், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தவர்கள் என்று பல ஆசிரியர்கள் என்னிடம் பேசினார்கள். நோய்கள் வேறு வேறாக இருந்தும், அவர்களுடைய ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் அனுபவத்திலிருந்தும், மருத்துவர்களிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் கேட்டறிந்தவற்றிலிருந்தும் விடைகளை எழுதியிருக்கிறேன். உங்கள் உடலைப் பரிசோதித்த மருத்துவர் இதற்கு மாறாக ஒன்றைச் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

டாக்டர் "வேலைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். நாளைக்கே வகுப்புக்குப் போய்விடலாமா?

மருத்துவர் அப்படிச் சொல்லும்போது, நோயுற்ற உறுப்பு ஆறிவிட்டது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறார். ஆசிரியரின் ஒரு நாள் எப்படிப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை என்றே அவர் நினைத்திருக்கக்கூடும். நாமும் அதைத் திருத்திச் சொல்வதில்லை.

நான் ஒரு தாளில், "ஆறு பாட வேளைகள் நின்றபடி பேசுகிறேன், நான்கு முறை மாடிப்படி ஏறுகிறேன், ஒரு வகுப்பின் நோட்டுகளை ஒரே கட்டாகத் தூக்கிச் செல்கிறேன், இடையில் உட்காரக் கிடைப்பது இருபது நிமிடம்" என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த பிறகு என் மருத்துவர், வேலைக்குத் திரும்பும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைத்ததோடு, முதலில் மாடி ஏறக் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார். நீங்களும் அதுபோல் ஒரு தாளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். "தகுதி" என்ற ஒற்றைச் சொல்லோடு முடியும் சான்றிதழைவிட, எதைச் செய்யலாம், எதை எத்தனை வாரத்துக்குத் தவிர்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லும் சான்றிதழே உங்களுக்கும் பள்ளிக்கும் பயன்படும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்றே வாரத்தில் திரும்பிவிட்டார். எனக்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

ஒரே பெயர் கொண்ட நோயும் இருவருக்கு ஒன்றாக இருப்பதில்லை என்பதால்தான். சிக்கல் ஏதுமின்றி ஸ்டென்ட் வைக்கப்பட்டவர்களில் சிலர் இரண்டு மூன்று வாரங்களில் இலகுவான வேலைக்குத் திரும்புகிறார்கள்; இதயத் தசை அதிகம் பாதிக்கப்பட்டிருந்தால் மாதங்கள் ஆகின்றன. பைபாஸ் அறுவை சிகிச்சையில் பிளக்கப்பட்ட நெஞ்செலும்பு கூடுவதற்கு 6 முதல் 12 வாரங்கள் பிடிக்கும். அதுவரை கனமானவற்றைத் தூக்குவதும் இழுப்பதும் ஆகாது. பக்கவாதத்துக்குப் பின் கை கால் இயக்கம் முழுதாகத் திரும்பியவர்களிடமும் களைப்பு மட்டும் மாதக்கணக்கில் தங்கிவிடுவதுண்டு.

நீண்ட நாள் படுக்கையில் இருந்ததால் மட்டுமே தசைகள் வலுவிழக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வலு, படுத்திருந்த நாள்களைவிடக் கூடுதல் நாள்கள் எடுத்துக்கொண்டே திரும்பி வரும்.

பள்ளிக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா?

உண்டு, அதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன். மருத்துவர் நடக்க அனுமதித்ததும், சமதளத்தில் நடந்துகொண்டே பேசிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் அந்த வேகம் உங்களுக்குப் பொருந்துகிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒரு முறை நிறுத்த வேண்டியிருந்தால் அது அதிகம். சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய ஓர் அளவுகோலையும் இதய மறுவாழ்வுப் பயிற்சிகளில் பயன்படுத்துகிறார்கள். உழைப்பே இல்லாத நிலைக்கு 6, உச்ச உழைப்புக்கு 20 என்று நாமே நம் உணர்வைக் கொண்டு மதிப்பிட வேண்டும். "சற்றுக் கடினம்" என்பது 13. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல் உயராது என்பதால், நாடியை எண்ணுவதைவிட இந்த மதிப்பீடு அவர்களுக்கு அதிகம் கைகொடுக்கும்.

அடுத்ததாக, ஆளில்லாத அறையில் ஒரு பாடத்தை நடத்திப் பாருங்கள். முதல் நாள் பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு ஒரு முழுப் பாட வேளை. நின்றுகொண்டு, வகுப்பில் பேசும் அதே குரலில், இடையிடையே எழுதியபடி நடத்த வேண்டும். வெற்றுச் சுவரைப் பார்த்துப் பேசுவது முதலில் கூச்சமாக இருக்கும்; ஆனால் என் குரல் பதினைந்தாவது நிமிடத்தில் கம்முகிறது என்பதையும், கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி எழுதும்போது தலை லேசாகிறது என்பதையும் அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். நாற்பது மாணவர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ நல்லது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தாறுமாறான படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் சொல்லாமல் மறுபடியும் முயலாதீர்கள்.

தலைமை ஆசிரியரிடம் என் நோயைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமா?

நோயின் முழு வரலாறும் அவருக்குத் தேவையில்லை. உங்களால் எது முடியும், எது இப்போதைக்கு முடியாது என்பதுதான் தேவை. "எனக்கு இதயத்தில் இத்தனை அடைப்பு" என்று சொன்னால் கேட்பவர் இரக்கப்படுவார். ஆனால் கால அட்டவணையில் எதை மாற்றுவது என்று அவருக்குத் தெரியாது. "அடுத்த ஆறு வாரத்துக்கு என் வகுப்புகள் தரைத்தளத்தில் இருக்க வேண்டும், இரண்டு பாட வேளைகளுக்கு மேல் தொடர்ச்சியாக வேண்டாம், காலை வணக்கக் கூட்டத்தில் நிற்க இயலாது, மைதான மேற்பார்வை வேண்டாம், வகுப்பில் ஒரு நாற்காலி தேவை" என்று சொன்னால் அவரால் உடனே செயலில் இறங்க முடியும். வாய்மொழியாகப் பேசிய பிறகு அதையே எழுதியும் கொடுங்கள், கால வரம்போடு. வரம்பில்லாமல் கேட்கும் சலுகையைத் தருபவரும் தயங்குவார், பெறுபவரும் கூசுவார்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. திடீரென்று மயக்கமோ வலிப்போ தாழ் சர்க்கரையோ வரக்கூடிய நிலை இருந்தால், பொறுப்பில் உள்ள ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் ஆய்வகத்தில் பிள்ளைகளோடு தனியாக இருக்கும்போது விழுந்தால், அங்கே எரிந்துகொண்டிருக்கும் அடுப்புக்கும் பொறுப்பாளர் இல்லாமல் போய்விடும்.

முதல் நாளிலிருந்தே முழு நேரம் போகலாமா, பாதி நேரமாகத் தொடங்கலாமா?

வாய்ப்பிருந்தால் படிப்படியாகத் திரும்புங்கள். நான் முழு நேரமாகத் தொடங்கித் தவறு செய்தவன். முதல் நாள் மாலை மிகுந்த உற்சாகத்தோடு வீடு திரும்பினேன். இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. களைப்பு அன்றைக்கே வந்து கணக்குத் தீர்ப்பதில்லை. ஒன்றிரண்டு நாள் தாமதித்து, மொத்தமாக வருகிறது. ஆகவே ஒரு நாளை அன்று மாலையில் மதிப்பிடாமல், அடுத்த நாள் காலையில் எப்படி எழுகிறீர்கள் என்பதைக் கொண்டு மதிப்பிடுங்கள்.

நான் பிறகு கடைப்பிடித்த ஏற்பாடு இது: முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு பாட வேளை, அடுத்த இரண்டு வாரம் மூன்று, அதன்பின் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி முழுமைக்கு வருவது. இரண்டு காலைகள் தொடர்ந்து சோர்வாக விடிந்தால் ஒரு படி கீழே இறங்குவது என்பதும் அதில் அடக்கம். நடுவில் ஒரு ஓய்வு நாள் வரும்படி அமைத்தால் இன்னும் நல்லது. பள்ளி இதற்கு இசையாவிட்டால், மீதமுள்ள விடுப்பை மொத்தமாக எடுத்துத் தீர்க்காமல், திரும்பிய பிறகு வரும் வாரங்களுக்கென்று சில நாள்களை ஒதுக்கி வையுங்கள்.

வகுப்பு நேரத்தைக் குறைத்துவிட்டு, விடைத்தாள் கட்டுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்று இரவில் திருத்துவது குறைத்ததாகாது. திருத்துவதும் வேலைதான், குனிந்தபடி, கவனத்தைச் சிதறவிடாமல் செய்யும் வேலை.

குரல் சீக்கிரம் கம்மிவிடுகிறது. நோய் நெஞ்சில்தானே, தொண்டையில் என்ன?

காரணங்கள் பல. அறுவை சிகிச்சையின்போது மூச்சுக் குழாய் செருகப்பட்டிருந்தால் குரல்நாண்கள் உராய்ந்து புண்பட்டிருக்கலாம். தைராய்டு அறுவை சிகிச்சையில், குரல்நாண்களை இயக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே செல்வதால் அதற்கு அதிர்ச்சி ஏற்படலாம். இதய அறுவை சிகிச்சையிலும் இது நேர்வதுண்டு. ஏனெனில் இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. ரத்த அழுத்தத்துக்காகவும் இதயத்துக்காகவும் கொடுக்கப்படும் ஏசிஇ தடுப்பி வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தருகின்றன. அதை மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார், நாமாக நிறுத்தக் கூடாது. இவை எதுவுமே இல்லையென்றாலும், குரலுக்குக் காற்றை அனுப்பும் மூச்சுத் தசைகள் வலுவிழந்திருக்கும். அந்தக் குறையை ஈடுகட்டத் தொண்டையை இறுக்கிப் பேசுகிறோம். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும்.

வகுப்பறையின் இரைச்சல் நம்மை அறியாமலேயே குரலை உயர்த்த வைக்கிறது. சுற்றிலும் ஓசை கூடக்கூடப் பேசுபவரின் குரலும் தானே ஏறுவதை, பாரிஸ் நகர மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் விவரித்தார். அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. ஆகவே "மெதுவாகப் பேச வேண்டும்" என்ற மன உறுதி மட்டும் போதாது, இரைச்சலையே குறைக்க வேண்டும். சன்னல் பக்கம் இரைச்சல் என்றால் சன்னலைச் சாத்துங்கள்; கைதட்டலையோ மணியையோ வகுப்பை அமைதிப்படுத்தும் குறிப்பாகப் பழக்குங்கள்; கடைசி வரிசைக்குக் கத்துவதைவிட நடுவில் போய் நின்று பேசுங்கள். திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அறைக்குள் எதிரொலியால் இந்தக் குறைவு சற்று மட்டுப்படும், ஆனால் எதிரொலியே சொற்களைக் குழப்பிவிடும். ஆகவே நாலடி முன்னால் நகர்வதே பெரிய உதவி. கழுத்தில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி கிடைத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

கிசுகிசுப்பாகப் பேசினால் குரலுக்கு ஓய்வு என்று சிலர் நினைக்கிறார்கள். பலருக்கு அது தொண்டையை மேலும் இறுக்கத்தான் செய்கிறது. தாழ்ந்த இயல்பான குரலே நல்லது. அடிக்கடி தண்ணீர் பருகுவது குரலுக்கு நன்மை என்ற அறிவுரையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்ற அளவு வகுக்கப்பட்டிருக்கும். அவர்கள் அந்த அளவையே சிறு மிடறுகளாகப் பகிர்ந்து பருக வேண்டும், கூட்டக் கூடாது.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? எதுவுமே நடக்காததுபோல் பாடத்தை ஆரம்பித்துவிடலாமா?

அப்படிச் செய்ய வேண்டாம். நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அவர்களுடைய கற்பனை நிரப்பிவிடும், அது நோயைவிடக் கொடியதாக இருக்கும். நான் திரும்பிய முதல் வாரத்தில், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் எல்லோரும் போன பிறகு தயங்கி நின்றான். "நாங்க ரொம்பச் சத்தம் போட்டதாலதான் உங்களுக்கு அப்படி ஆச்சா சார்?" என்று கேட்டான். நான் மருத்துவமனையில் இருந்த நாள்களிலும், அதன்பின் வீட்டில் இருந்த வாரங்களிலும் அந்தக் குழந்தை இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். என் இதய ரத்தக்குழாயில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து வந்தது என்றும், அன்றைக்கு அவன் வகுப்பு அமைதியாக இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும் என்றும் ஒரு குழாயின் படத்தை வரைந்து காட்டினேன். அவன் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன். மறுநாள் அதையே வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். அவனைப்போல் இன்னும் எத்தனை பேர் கேட்காமல் இருந்தார்களோ.

மூன்று செய்திகள் போதும்: எனக்கு என்ன ஆயிற்று என்பது இரண்டு வரியில், அது யாருடைய தவறும் இல்லை, தொற்றவும் தொற்றாது என்பது, இனி வகுப்பில் என்ன மாறும் என்பது. சிறு குழந்தைகளுக்குக் கடைசிச் செய்திதான் முக்கியம்: "நான் உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துவேன், பலகையில் எழுத உங்களில் ஒருவரைக் கூப்பிடுவேன்." பெரிய மாணவர்கள் உயிர் போயிருக்குமா என்றே நேராகக் கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள், "ஆபத்தாகத்தான் இருந்தது, நேரத்தில் சிகிச்சை கிடைத்தது, இப்போது கவனமாக இருக்கிறேன்" என்பது போதுமான உண்மை. "இனி வரவே வராது" என்ற உறுதியை மட்டும் தராதீர்கள். அது நம் கையில் இல்லை. முடி உதிர்ந்தோ, வாய் ஒரு பக்கம் கோணியோ திரும்புபவர்கள், முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைத் தாங்களே சொல்லிவிட்டால் பிள்ளைகளின் பார்வை விரைவில் பாடத்துக்குத் திரும்பிவிடும்.

இப்போது வகுப்பு மிகவும் அமைதியாக இருக்கிறது. "சத்தம் போட்டால் எனக்கு ஆகாது" என்று சொன்னால் இப்படியே இருக்கும் அல்லவா?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேலே சொன்ன அந்தக் குழந்தையின் அச்சத்தை நாமே உறுதிப்படுத்தியது போலாகிவிடும். ஒருநாள் உண்மையாகவே உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், அன்று பேசிச் சிரித்த ஒரு பிள்ளை அதை வாழ்நாள் முழுவதும் தன் குற்றமாகச் சுமப்பான். ஒழுங்குக்கு வகுப்பின் விதிகளைச் சொல்லுங்கள். உங்கள் உடலைப் பணயமாக வைக்காதீர்கள்.

பெயர் மறந்துபோகிறது, நடத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது. மூளையும் போய்விட்டதா?

கீமோதெரபிக்குப் பின்னும், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின்னும், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கள் கழித்தவர்களுக்கும் கவனமும் நினைவும் மந்தமாவது நன்கு அறியப்பட்டது; பெரும்பாலோருக்கு மாதங்களில் தெளிந்து வருகிறது. ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் போடாமல், தூக்கக் குறைவு, தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, மனச்சோர்வு, மருந்துகளின் பக்க விளைவு ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும். அவற்றில் பல சரிசெய்யக்கூடியவை.

வகுப்பில், பாடத்தின் படிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை வரைபடத்தில் பெயர்களைக் குறித்துவையுங்கள். சொல் நின்றுபோனால் "ஒரு நிமிடம்" என்று கேட்டு நிதானியுங்கள். மாணவர்கள் நாம் நினைப்பதைவிடப் பொறுமைசாலிகள்.

பக்கவாதம் வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு, கண் நன்றாக இருந்தும் இடப்புறம் இருப்பவை கவனத்திலேயே படுவதில்லை. அப்படித் திரும்பிய ஓர் ஆசிரியர், சில வாரங்களாக வகுப்பின் இடப்பக்க வரிசைகளில் ஒருவரைக்கூடக் கேள்வி கேட்டதில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை, ஒரு மாணவி வருத்தப்பட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. இத்தகைய குறைபாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். இருந்தால், ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் இடக்கோடியிலிருந்து பார்வையைத் தொடங்கப் பழகுங்கள். வண்டி ஓட்டுவதும் மருத்துவர் அனுமதித்த பிறகுதான்.

மாத்திரைகளால் வகுப்பில் தொல்லை வருமா?

சிறுநீர் பெருக்கி மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டுத் தொடர்ந்து இரண்டு பாட வேளை நிற்பது கடினம். வேளையை மாற்றலாமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அந்த நேரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். அடக்கிவைப்பதும், அதற்குப் பயந்து மாத்திரையை விடுவதும் இரண்டுமே கேடு. ரத்த அழுத்த மாத்திரைகள் எழும்போதும் குனிந்து நிமிரும்போதும் தலைசுற்றல் தரலாம் என்பதால், கீழே விழுந்த நோட்டை ஒரு மாணவர் எடுக்கட்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இரண்டு மருந்துகளைப் பல மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டு வரை உட்கொள்வார்கள். இவற்றை ஒரு நாள்கூட நாமாக நிறுத்தக் கூடாது, பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

கீமோதெரபி இன்னும் முடியவில்லை, இடையிடையே வகுப்புக்குப் போக ஆசை. பிள்ளைகளிடமிருந்து ஏதாவது தொற்றிக்கொள்ளுமா?

தொற்றக்கூடும். பல மருந்து முறைகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் பின் ஏறத்தாழ 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகக் குறைந்துவிடுகின்றன. உங்கள் மருந்துக்கு எந்த நாள்கள் என்பதைக் கேட்டு, அந்த நாள்களில் வீட்டிலிருங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது அவசர நிலை. கடைசி மணி அடிக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சின்னம்மையும் தட்டம்மையும் கொப்புளமோ தடிப்போ தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடுகின்றன; சின்னம்மை ஓரிரு நாள், தட்டம்மை நான்கு நாள் முன்னதாகவே. ஆகவே வகுப்பில் ஒருவருக்கு வந்திருப்பது தெரிந்த அன்றே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் தடுப்பு மருந்து தர வாய்ப்புண்டு. பெற்றோரும் பள்ளியும் உங்களிடம் உடனே சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் பலகையில் எழுதினால் கை கனக்கிறது. நிறுத்திவிடவா?

அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டிருந்தால் அந்தக் கையில் வீக்கம் வரக்கூடும். கையை அசைக்காமலேயே வைத்திருப்பதும் நல்லதல்ல. இயன்முறை மருத்துவர் வகுத்துத் தரும் பயிற்சியோடு சிறிது சிறிதாகக் கூட்டுவதே வழி. கனமோ இறுக்கமோ நீடித்தால், மோதிரம் இறுகினால், உடனே காட்டுங்கள்.

நெஞ்சில் சின்னதாய்க் குத்தினாலும் மறுபடியும் அதுதானோ என்று நடுங்குகிறேன். வகுப்பில் அது வரும்போது என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் அநேகமாக யாருமில்லை. என்னையும் முதல் இரண்டு மாதம் இந்த அச்சம்தான் வாட்டியது, நோய் வாட்டவில்லை. அழுத்துவதுபோல் நெஞ்சின் நடுவில் கனம், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை கவலைக்குரியவை. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, மூச்சை இழுத்தால் மாறுகிற, நொடியில் மறையும் குத்தல் பெரும்பாலும் அப்படியல்ல. ஆனால் பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் களைப்பாகவும் குமட்டலாகவும்கூட மாரடைப்பு வரலாம் என்பதால், இந்த வேறுபாட்டை நம்பி மட்டும் யாரும் அமர்ந்திருக்கக் கூடாது. பாடத்தை நிறுத்துங்கள், உட்காருங்கள், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். பிழையாக ஒரு முறை ஆம்புலன்ஸ் வந்துபோவதில் அவமானம் ஏதுமில்லை. அந்த மாத்திரை சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும், ஆசிரியர் அறை அலமாரியில் அல்ல.

இந்த ஒழுங்கை எழுதி வைத்துக்கொண்ட பிறகு என் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. மீதிக்கு நான் மனநல ஆலோசகரிடம் சென்றேன். மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு வருகிறது, அது உடல் தேறுவதையும் தாமதப்படுத்துகிறது. இரவில் தூக்கமில்லாமல் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அதையும் நோயின் ஒரு பகுதியாகக் கருதி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் கண் முன்னால் நான் மயங்கி விழுந்துவிட்டால்?

முன்கூட்டியே ஒரு ஏற்பாடு இருந்தால் அவர்கள் உறைந்து நிற்க மாட்டார்கள். இருவர் பக்கத்து வகுப்பு ஆசிரியரை அழைக்க ஓட வேண்டும், ஒருவர் அலுவலகத்துக்கு ஓட வேண்டும், மற்றவர்கள் வெளியே செல்ல வேண்டும். தீ விபத்துப் பயிற்சிபோல், "எந்த ஆசிரியருக்கு உடல்நலம் குன்றினாலும்" என்று பொதுவாகச் சொல்லிப் பழக்குங்கள். உங்களுக்கென்று சொல்ல வேண்டியதில்லை.

நினைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், பெரியவர் ஒருவர் மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை விடாமல் அழுத்த வேண்டும். சக ஆசிரியர்கள் சிலரேனும் இதை முறையாகப் பயில வேண்டும் என்று கேட்கும் உரிமை, நோயுற்றுத் திரும்பிய நமக்கு மற்றவர்களைவிட அதிகம். மாணவர்களும் கற்கலாம்: 12 வயது முதல் ஆண்டுக்கு 2 மணி நேரம் இதைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஆதரவு தந்திருக்கிறது.

எனக்குப் பதிலாக வந்தவரைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நான் தேவைப்படவில்லையோ என்று வலிக்கிறது.

எனக்கும் வலித்தது. ஆனால் நாம் இல்லாத நாள்களில் அவர்கள் வாடியிருந்திருந்தால் நமக்கு மகிழ்ச்சியா என்று கேட்டுக்கொண்டபோது விடை எளிதாக இருந்தது. அவரிடம் அமர்ந்து, எந்தப் பாடம் எதுவரை முடிந்தது, யார் பின்தங்கினார், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று முழுவதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் கொண்டுவந்த நல்ல வழக்கம் ஒன்றையாவது மாற்றாமல் தொடருங்கள். படிப்படியாகத் திரும்பும் நாள்களில் அவரும் நீங்களும் ஒரே வகுப்பைப் பகிர்ந்துகொள்ள முடிந்தால், மாணவர்கள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடியே எழாது.

வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு மாதம் ஆனதும் எல்லா வேலையையும் என் தலையில் போடுகிறார்கள். எப்படி மறுப்பது?

தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்த அந்தக் கடிதம் இங்கேதான் உதவும். "முடியாது" என்று தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் சொல்வதைவிட, "இந்தத் தேதி வரை இந்த வரம்பு இருக்கிறது, பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்பது உறவைக் கெடுக்காது. மறுப்போடு, உட்கார்ந்தபடி உங்களால் செய்ய முடிந்த ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். வினாத்தாள் அமைப்பது, மதிப்பெண் பதிவது போன்றவற்றை. நமக்காக மைதானத்தில் வெயிலில் நிற்பவரும் களைத்துத்தான் போகிறார். அவருக்கு ஒரு நன்றியாவது சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் செய்து பார்த்தும் முடியவில்லை. வேலையை விட்டுவிடுவதுதான் சரியா?

சில பேருக்கு அதுவே சரியாக இருக்கும், அதில் தோல்வி என்று எதுவும் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். திரும்பிய முதல் மூன்று மாதத்திலும், தேர்வுத் தாள் திருத்தும் வாரங்களிலும், மருந்து மாற்றப்பட்ட உடனேயும் முடிவெடுக்க வேண்டாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறாமல் முடிவெடுக்கவே வேண்டாம். அந்த நிலையில் எல்லாக் கதவுகளும் மூடியிருப்பதாகவே தோன்றும்.

நான்கு சாதாரண வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில், அன்றைய பாட வேளைகள் எத்தனை, மறுநாள் காலை எப்படி எழுந்தீர்கள் என்ற இரண்டை மட்டும் குறியுங்கள். நாளுக்கு மூன்று பாட வேளைவரை நன்றாகவும் நான்காவதில் சரிவும் தெரிந்தால், விட வேண்டியது வேலையையல்ல, நான்காவது பாட வேளையைத்தான். பகுதி நேரம், சிறு குழுக்களுக்குக் கற்பித்தல், நூலகப் பொறுப்பு, புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டுதல் என்று பேசிப் பாருங்கள். ஒரே ஒரு பாட வேளைக்கும் அதே சரிவு என்றால், அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு முதலில் மருத்துவரிடம் போங்கள். தலைமை ஆசிரியரைப் பார்ப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.